டார்த்தாவின் பெயர் நாள்

லெயோன், ஸ்பெயின்
14 அக்டோபர் 2018

டார்த்தா,

பிரித்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. போன் செய்தால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் இரண்டு பேரும் கத்துவோம், நான் பாதியில் வைத்துவிடுவேன். அதனால்தான் தாளும் பேனாவும். லியபாயா விளையாட்டு விடுதியில் ஒரே அறையில் கிடந்து, ஒரே சோப்பைத் தேய்த்துக் குளித்தவளுக்கு இப்படித் தபாலில் எழுத வேண்டியிருக்கிறது பார்.

இது எனக்கு ஏழாவது நாடா எட்டாவது நாடா என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். இரண்டாம் பிரிவுக் கூடைப்பந்து அணி. எல்லாம் சின்னப் பெண்கள். முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் ஒருத்தி மற்றவர்களை உலுக்கினாள், "கோச் வந்தாச்சு, எழுந்திருங்கடி!" "கோச் இல்லம்மா, உங்க புது சென்டர்" என்றேன். அவள் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும்.

மூன்றாம் மாடியில் வீடு கொடுத்திருக்கிறார்கள். காலையில் முட்டி மடங்காது. அதனால் படியில் பின்பக்கமாக இறங்குகிறேன். இந்த ஊர் வழியாகப் புனித யாத்திரை போகிறவர்கள் அதிகம். கீழ் வீட்டுக்காரம்மா நானும் ஏதோ வேண்டுதலாக இப்படி இறங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு, என்னைக் கண்டால் சிலுவை போட்டுக்கொள்கிறாள். இரவுச் சாப்பாடு பத்து மணிக்கு. அதற்குள் எனக்குப் பசி செத்துவிடும். தெற்கே போய் ஆட வேண்டுமானால் நாள் முழுக்கப் பேருந்து. என் காலை எங்கே வைப்பது என்பதே பெரிய பிரச்சினை.

புலம்பல் போதும். ஒரு நல்ல செய்தியும் சொல்லிவிடுகிறேன். போன வாரம் என் பிறந்த நாள். ஆட்டம் தொடங்குவதற்கு முன் என்னை மைதான நடுவில் நிற்க வைத்து, க்ளப் தலைவர் ஒரு டஜன் சிவப்பு ரோஜா கொடுத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். வீட்டில் பூக்குவளை இல்லாததால் குளியலறைத் தொட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். பல் தேய்க்கும்போதெல்லாம் பார்க்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஜூனில் யானி கோடைத் திருவிழாவுக்கு ஊருக்கு வந்திருந்தேன். நீ தலையில் பூ வளையத்தோடு ஏரிக்கரையில் நின்றாய். என்னைப் பார்த்ததும் பீர் எடுக்கப் போகிறவள் மாதிரி திரும்பிப் போய்விட்டாய். உனக்கு பீர் பிடிக்காது என்பது எனக்குத் தெரியாதா?

போன கிறிஸ்துமஸுக்கு உன் வீட்டில் நான் பேசியது தப்புதான். நீயும் ஒன்றும் குறைவாகப் பேசவில்லை. அதற்காக இத்தனை மாதமா? எனக்கு அலுத்துவிட்டது, டார்த்தா. திட்டுவதானாலும் எழுதித் திட்டு.

வீஸ்மா


தல்ஸி, லாட்வியா
29 அக்டோபர் 2018

வீஸ்மா,

கிழிக்கவில்லை. திட்டச் சொல்லியிருக்கிறாய், திட்டுகிறேன்.

ஒரு டஜன் ரோஜாவா? பன்னிரண்டா? அதை வாங்கிக்கொண்டு சிரித்தாயா? இங்கே இரட்டைப்படையில் பூவை எங்கே வைப்பார்கள் என்பதையும் மறந்துவிட்டாயா? கல்லறையில். அந்த மனிதர் வெளியூர்க்காரர், அவருக்குத் தெரியாது. உனக்கு எங்கே போயிற்று புத்தி? ஒன்றை உருவி யாரிடமாவது கொடுத்திருக்கலாமே. செத்தவளுக்கு வைக்கிற பூவை வைத்துக்கொண்டு பல் தேய்க்கிறாளாம். இந்தக் கடிதம் வருவதற்குள் வாடியிருக்கும். நல்லதுதான்.

கிறிஸ்துமஸ் கதையை எடுத்தாய். எனக்கு ஒரு வார்த்தை மறக்கவில்லை. நான் சொன்னது இது: "நீ ஓடலடி, காலை இழுத்துக்கிட்டுப் போற. போதும், நிறுத்திட்டு ஊருக்கு வா." நீ சொன்னது இது: "பத்தொம்பது வயசுல நின்னவளுக்கு ஓடுறவளப் பத்தி என்னடி தெரியும்?" கட்டிய புருஷன் ஐவார்ஸ் எதிரில், என் பிள்ளைகள் எதிரில். அப்புறம் தட்டில் பட்டாணியை அப்படியே வைத்துவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு போனாய். கிறிஸ்துமஸ் பட்டாணியை மிச்சம் வைத்தால் வருடம் முழுக்க அழுகை என்று சொல்லித்தானே வளர்த்தார்கள். நீ இரண்டு பேருக்கும் போதுமான அளவு மிச்சம் வைத்திருந்தாய்.

ஆனால் அதையெல்லாம் நான் அப்போதே விழுங்கிவிட்டேன். முதுகு போய் நின்றவள்தான் நான், ஊருக்கே தெரியும். என் கோபம் வேறு. அது எதற்கென்று உனக்கே தெரியவில்லை என்றால் நான் எழுதி என்ன ஆகப் போகிறது?

இங்கே எல்லாம் பழையபடிதான். ஐவார்ஸ் லாரியில் ஜெர்மனிக்கும் வீட்டுக்குமாக ஓடுகிறான். பள்ளிக்கூட ஹாலில் கூரை ஒழுகுகிறது. வாளிகளை வைத்து, அவற்றைச் சுற்றிப் பந்தைத் தட்டிக்கொண்டு போகச் சொல்லிப் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். செலவில்லாமல் ஒரு புதுப் பயிற்சி. அதில் ஒருத்தி கிடுகிடுவென்று வளர்ந்துவிட்டாள். கூன் போட்டுக்கொண்டு நடக்கிறாள், அந்தக் காலத்தில் நீ நடந்த மாதிரியே. "நிமிருடி" என்று கத்திக் கத்தி என் தொண்டை போயிற்று. "உங்களுக்கென்ன டீச்சர், நீங்க குள்ளம்" என்கிறாள்.

முட்டிக்கு ஐஸ் வை. சோம்பேறித்தனம் பண்ணாதே.

டார்த்தா


லெயோன்
18 நவம்பர் 2018

டார்த்தா,

ரோஜாக்கள் உன் கடிதம் வந்த அன்றே குப்பைக்குப் போய்விட்டன. காய்ந்து சருகாகியிருந்தன. நீ திட்டியதைப் படித்தபோது எனக்கு உடம்பெல்லாம் கூசியது, நிஜமாகவே. வாங்கியபோது எண்ணிப் பார்க்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. ஒரு காலத்தில் பேருந்து ஜன்னலில் இருந்தே பூக்காரியின் கொத்தை எண்ணியவள் நான்.

உன் கோபம் எதற்கென்று மூளையைக் கசக்கிப் பார்த்துவிட்டேன். பிடிபடவில்லை. அதனால் என் கோபத்தை எழுதுகிறேன். எனக்கும் ஒன்று இருக்கிறது. இத்தனை நாள் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன்.

இந்த வருடம் ஜனவரி, பிப்ரவரியில் நான் ரீகாவில் இருந்தேன். முட்டியில் ஆபரேஷன் முடிந்து அத்தை மகள் வீட்டு சோபாவில் கிடந்தேன். உனக்குத் தெரியும். ஐவார்ஸ் பேசினான். நீ பேசவில்லை. ரீகாவில் இருந்து உன் ஊர் இரண்டு மணி நேரம். ஒரு தடவைகூட நீ எட்டிப் பார்க்கவில்லை. சரி, கிறிஸ்துமஸ் கோபம் என்று விட்டேன்.

அப்புறம் பிப்ரவரி ஆறாம் தேதி வந்தது. காலண்டரில் உன் பெயர் போட்ட நாள், உன் பெயர் நாள். எத்தனையோ வருடமாக அந்தத் தேதியில் நான் ஏதாவது ஒரு நாட்டில், ஏதாவது ஒரு பேருந்தில் இருப்பேன். போனில் வாழ்த்துவதோடு சரி. நீ கல்யாணமாகித் தனி வீடு போன பிறகு உன் பெயர் நாள் விருந்தில் நான் ஒரு தடவைகூட உட்கார்ந்தது இல்லை. இந்த ஒரு வருடம்தான் நான் நாட்டுக்குள்ளேயே இருந்தேன். காலையில் தலை சீவி, நல்ல உடை போட்டுக்கொண்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ கூப்பிடுவாய் என்று. "வாடி" என்று ஒரு வார்த்தை. ஊன்றுகோலோடு வந்திருப்பேன். அத்தை மகள், "யாருக்குக் காத்திருக்க?" என்று கேட்டாள். "யாருமில்ல" என்றேன். இருட்டிய பிறகு உடையை மாற்றிக்கொண்டு படுத்துவிட்டேன். உன்னை வாழ்த்தவும் மனம் வரவில்லை.

நீ கூப்பிடவில்லை, டார்த்தா. கோபப்பட வேண்டியவள் நான். நீ ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாய் என்பதுதான் எனக்குப் புரியவே இல்லை.

ஆட்டங்களைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. தோற்கிறோம், சில சமயம் ஜெயிக்கிறோம். இரண்டுக்கும் அப்புறம் ஐஸ் பை ஒன்றுதான். நம் ஊர்க் கறுப்பு ரொட்டி சாப்பிட்டு எத்தனை மாதம் ஆயிற்று தெரியுமா? இங்கே வெள்ளை ரொட்டி. காற்றைத் தின்கிற மாதிரி இருக்கிறது.

வீஸ்மா


தல்ஸி
2 டிசம்பர் 2018

அடி மடச்சி,

உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றபடியே படித்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. ஐவார்ஸ் ஓடி வந்து, "யாரு செத்தா?" என்று கேட்டான்.

கூப்பிடவில்லையாம். பெயர் நாளுக்கு யாரடி கூப்பிடுவார்கள்? எந்த ஊரில்? எந்தத் தெருவில்? காலண்டரில் பெயர் போட்டிருக்கிறது, நாடு முழுக்கப் பார்க்கிறது. நினைவு வைத்திருப்பவர்கள் தாங்களாக வருவார்கள். கதவைத் திறந்து, கேக்கை வெட்டி, காபி ஊற்றுவது ஒன்றுதான் என் வேலை. பிறந்த நாள் என்றால் கூப்பிடுவேன். கல்யாணம் என்றால் கூப்பிடுவேன். பெயர் நாளுக்குப் போன் போட்டு "வாங்க" என்று சொன்னால், "நீயாக நினைவு வைத்திருக்க மாட்டாய்" என்று முகத்தில் அடித்துச் சொன்னதாக ஆகாதா? உன்னை அப்படி நான் அவமானப்படுத்துவேனா? விடுதிக் காப்பாளர் அம்மாவின் பெயர் நாளுக்கு எங்கள் எல்லோருக்கும் முந்தி ஓடி, மூலைத் துண்டுக் கேக்கை எடுத்துக்கொண்டவள் நீ. அவள் உன்னை என்ன, மணி அடித்தா கூப்பிட்டாள்?

இப்போது என் கோபத்தைக் கேள்.

அன்று நீ வருவாய் என்று எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. கிறிஸ்துமஸ் சண்டைக்கு அதைவிட நல்ல முடிவு எது? நாட்டுக்குள் இருக்கிறாய், ஆறாம் தேதி வருகிறது, நீ கதவைத் தள்ளிக்கொண்டு வருவாய், இரண்டு பேரும் எதுவும் நடக்காத மாதிரி உட்காருவோம். உன் நாற்காலிக்கு முன்னால் ஒரு முக்காலி போட்டேன். பிள்ளைகள் சின்ன வயதில் பல் தேய்க்க ஏறி நிற்பார்களே, அந்த முக்காலி. அதன் மேல் ஒரு தலையணை. உன் காலை நீட்ட வேண்டுமே. பக்கத்து வீட்டு ஸ்கைத்ரிட்டே அதில் பையை வைக்கப் போனாள். "வைக்காதீங்க, ஆள் வருது" என்றேன். ஊன்றுகோலோடு எப்படி வருவாய் என்றுகூட நான் யோசிக்கவில்லை. ஒற்றைக் காலில் பாதி ஆட்டம் ஆடி முடித்தவளுக்கு ஒரு பேருந்து பெரிதா?

கேக் தீர்ந்தது. எல்லோரும் போனார்கள். ஐவார்ஸ் தலையணையைத் தட்டிப் படுக்கையில் போட்டுவிட்டு, முக்காலியை மூலையில் வைத்தான். அதுதான் என்னை அழ வைத்தது. ஓடுகிறவளுக்கு நின்றவளின் வீடு மறந்துபோயிற்று என்று அன்று முடிவு பண்ணினேன்.

ரீகாவுக்கு ஏன் வரவில்லை என்று கேட்கிறாய். நீ சொன்ன அந்த வார்த்தைக்கு அப்புறம் எனக்குக் கால் எழும்பவில்லை. உனக்கு முட்டி, எனக்கு அது.

நீ போனை மடியில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாய். நான் கதவைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

ஆட்டத்தை நிறுத்து என்று இனி வாயைத் திறக்க மாட்டேன். ஒரு தடவை திறந்ததற்கு ஒரு வருடம் போயிற்று. பார்சலில் கறுப்பு ரொட்டி அனுப்பியிருக்கிறேன். கல்லாகிவிட்டால் சூப்பில் போடு.

டார்த்தா


லெயோன்
20 டிசம்பர் 2018

டார்த்தா,

ரொட்டி வந்தது. கல்லாகத்தான் வந்தது. கல்லாகவே தின்றேன்.

உன் கடிதத்தைப் படித்த அன்று ஒரு பந்தும் என் கையில் நிற்கவில்லை. பயிற்சியில் பெண்கள், "உடம்பு சரியில்லையா?" என்றார்கள். ஆமாம் என்றேன்.

எப்படி மறந்தேன் என்று யோசித்தேன். இங்கெல்லாம் பிறந்த நாள் காபிக்குக்கூடப் போனில் அழைப்பு வரும். வருகிறேன், வரவில்லை என்று பதில் போட வேண்டும். ஆனால் பழியை ஊர் மேல் போடுவது நியாயமில்லை. இது என் பிழைப்பு எனக்குப் பழக்கியது. பேருந்து எப்போது, எந்த அறை, யாரைக் காப்பது, எப்போது சாப்பிடுவது, எல்லாம் யாராவது சொல்வார்கள். கோச் கூப்பிட்டால் எழுந்து உள்ளே போவேன், கூப்பிட்டால் வெளியே வந்து உட்காருவேன். வருடா வருடம் ஏஜென்ட் கூப்பிடுவான், பெட்டியைத் தூக்குவேன். கூப்பிட்டால் போவது, கூப்பிடாவிட்டால் அறையில் கிடப்பது. இத்தனை வருடத்தில் நானாக ஒரு கதவைத் தள்ளிக்கொண்டு போனதே இல்லை என்று நேற்றுதான் உறைத்தது.

அந்த முக்காலி எனக்குத் தெரியும். ஒரு கால் மட்டும் கொஞ்சம் ஆடும்.

கிறிஸ்துமஸுக்கு வர முடியாது. இரண்டு நாள்தான் விடுமுறை. பட்டாணி கிடைத்தது, வேகவைத்து ஒன்று விடாமல் தின்றுவிடுவேன். சத்தியம்.

வீஸ்மா


லெயோன்
13 ஜனவரி 2019

டார்த்தா,

நேற்று ஒன்று நடந்தது. உனக்கு மட்டும்தான் இது புரியும்.

நான் சென்டர். இவ்வளவு காலமும் கூடைக்கு அடியில் நின்று இடி வாங்கித்தான் சம்பாதித்தேன். என் விலாவில் முழங்கையால் குத்தாத பெண் ஐரோப்பாவில் குறைவு. கூடையில் பட்டுத் தெறிக்கிற ரீபவுண்டுக்கு எழும்பும்போது யாராவது இடுப்பில் இடிப்பாள், நானும் இடிப்பேன், கெட்ட வார்த்தை பறக்கும். ஆட்டம் முடிந்ததும் கட்டிக்கொள்வோம். அதுதான் மரியாதை.

நேற்று பந்துக்கு எழும்பினேன். எழும்பினேன் என்று நான் சொல்கிறேன், பார்த்தவர்கள் என்ன சொல்வார்களோ. இறங்கும்போது முட்டி மடிந்தது. எதிரணிப் பெண், குழந்தை முகம், பந்தை விட்டுவிட்டு என் கையைப் பிடித்துத் தாங்கிக்கொண்டாள். பந்து அவள் காலடியிலேயே உருண்டு வெளியே போயிற்று. "உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே? பாத்து நில்லுங்க" என்றாள்.

நீங்க! கூடைக்கு அடியில் நின்றுகொண்டு எனக்கு "நீங்க"! என்னைப் போடி என்றிருக்கிறார்கள், கிழவி என்றிருக்கிறார்கள், ஒட்டகம் என்றுகூடச் சொல்லியிருக்கிறார்கள். இதுவரை யாரும் அங்கே எனக்கு மரியாதை கொடுத்ததில்லை. அப்புறம்தான் யோசித்தேன். கொஞ்ச நாளாகவே யாரும் என்னை இடிப்பதில்லை. நான் நன்றாக ஒதுங்கி ஆடுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள்தான் ஒதுங்கியிருக்கிறார்கள்.

பெஞ்சில் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வேர்வை துடைக்கிற மாதிரி.

டாக்டர் பார்த்தார். பழைய இடத்திலேயே மறுபடியும். ஊசி போட்டுக்கொண்டால் சீசன் முடியும் வரை இழுக்கலாமாம். கோச் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், "மே மாசம் வரைக்கும் மட்டும், வீஸ்மா. நீ இல்லன்னா நாங்க கீழ்ப் பிரிவுக்குப் போயிடுவோம்." ஒரு காலத்தில் அவளும் என்னை இடித்தவள்தான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

நீ என்ன சொல்வாய் என்று கேட்கவில்லை. நீ சொல்ல மாட்டாய் என்று தெரியும். களைப்பாக இருக்கிறது, அவ்வளவுதான்.

வீஸ்மா


தல்ஸி
22 ஜனவரி 2019

வீஸ்மா,

சரியாகச் சொன்னாய், நான் சொல்ல மாட்டேன். கால் உன்னுடையது. ஊசி போட்டு மே வரை ஆடினாலும் உனக்கு ரொட்டி அனுப்புவேன், ஆடாவிட்டாலும் அனுப்புவேன்.

அந்தக் குழந்தை முகக்காரி மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நல்ல வளர்ப்பு. ஆனால் நீ துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்ததைப் படித்ததும் நானும் ஹாலில் போய் வாளிகளுக்கு நடுவே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். முதுகு போன அன்று நானும் அப்படித்தான் துண்டைப் போட்டுக்கொண்டேன். நீதான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாய். என் ஷூ லேஸை அவிழ்த்துவிட்டாய். அதை நான் மறக்கவில்லை.

ஊர்ச் செய்தி: பனி முழங்கால் வரை. ஐவார்ஸ் இந்தத் தடவை ஆறாம் தேதி வீட்டில் இருப்பான். கேக்குக்குக் குங்குமப்பூ வாங்கிவிட்டேன், திராட்சையும். கூன் போடுகிற பெண் இன்னும் கூன் போடுகிறாள்.

நீ இத்தனை காலம் வெளியில் இருந்தவள், மறுபடியும் ஏதாவது தப்பாகப் புரிந்துகொள்வாய். அதனால் தெளிவாகவே எழுதிவிடுகிறேன்.

நான் உன்னைக் கூப்பிடவில்லை.

டார்த்தா


ரீகா - தல்ஸி பேருந்து
6 பிப்ரவரி 2019

டார்த்தா,

இதைத் தபாலில் போடப் போவதில்லை. கையில் கொடுப்பேன். ஆட்களெல்லாம் போன பிறகு படி. எதிரில் இருக்கும்போது எனக்கு இதெல்லாம் பேச வராது, உனக்குத் தெரியும்.

பேருந்து குலுங்குகிறது, கையெழுத்தைப் பொறுத்துக்கொள். டிரைவர் என் உயரத்தைப் பார்த்துவிட்டு முன் இருக்கையைக் கொடுத்தார். "கூடைப்பந்தாம்மா?" என்றார். "ஆடிக்கிட்டு இருந்தேன்" என்றேன். வாயில் அது தானாகவே அப்படி வந்தது. வெளியே ஒரே வெள்ளை. பக்கத்து இருக்கையில் மஞ்சள் டியூலிப். பூக்காரி கொடுத்ததும் அவள் எதிரிலேயே எண்ணினேன், இப்போது இரண்டாம் தடவை எண்ணிவிட்டேன். ஒற்றைப்படைதான். பயப்படாதே.

பத்தொன்பது வயதில் நீ நின்றாய். நான் இத்தனை வருடம் கழித்து நிற்கிறேன். நிற்பது இவ்வளவு வலிக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நீ சொல்லியிருப்பாய். நான்தான் உன்னைக் கேட்கவே இல்லை.

கோச்சிடம் போய் ஊசி வேண்டாம், ஊருக்குப் போகிறேன் என்றேன். அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. என் பெட்டியைப் பார்த்தாள். அப்புறம் கேட்டாள், "வேற க்ளப்ல கூப்பிட்டாங்களா?"

"இல்ல."

"வீட்டுல யாராவது கூப்பிட்டாங்களா?"

"யாரும் கூப்பிடல. அதான் போறேன்" என்றேன்.

பாவம், அவளுக்குப் புரியவில்லை. விமானத்தில் நினைத்து நினைத்துச் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர் தன் பையை நகர்த்தி வைத்துக்கொண்டார்.

அந்தக் கூன் போடுகிற பெண்ணை நாளைக்குக் காட்டு. நான் பக்கத்தில் நின்றால் போதும், தானாக நிமிர்ந்துவிடுவாள். மற்றதை அப்புறம் பார்க்கலாம். என்ன செய்யப் போகிறேன் என்று இன்று யாரும் கேட்க வேண்டாம். எனக்கே தெரியாது. தூங்க வேண்டும், அது மட்டும் தெரியும்.

மலை மேல் தேவாலயக் கோபுரம் தெரிகிறது. இறங்க வேண்டும். மணி அடிக்கப் போவதில்லை, கதவைத் தள்ளிக்கொண்டு வருவேன். வரலாமா என்று கேட்கப் போவதில்லை. உட்கார இடம் இருக்கிறதா என்றும் கேட்கப் போவதில்லை. முக்காலி எங்கேடி என்றுதான் கேட்பேன்.

வீஸ்மா